பதுளையும் நுவரெலியாவும் ஒரே குழுவில் விழுகின்றன

இலங்கையைக் காலநிலை வலயங்களாகப் பிரித்து வரைபடம் போடுகிறேன். தரவு: வேர்ல்ட்கிளிம் (உலகக் காலநிலைத் தரவுத்தொகுப்பு) 1970–2000, மாத மழையும் வெப்பநிலையும். ஆர் மென்பொருளில் கே-மீன்ஸ் (ஒத்த இடங்களைக் குழுக்களாகச் சேர்க்கும் முறை).

ஈரவலயம் (ஆண்டு மழை 2500 மி.மீ.க்கு மேல்), இடைவலயம், உலர்வலயம் (1750க்குக் கீழ்) ஓரளவாவது தெரிய வேண்டும். ஆனால் பதுளையும் நுவரெலியாவும் உள்ள மலைநாடு முழுக்க ஒரே நிறம். தென்மேல் பருவத்தில் நுவரெலியா நனையும்போது பதுளையில் வறண்ட காற்றுதான். அங்கே வடகீழ் பருவத்தில்தான் நல்ல மழை. மன்னாரும் அம்பாந்தோட்டையும் சேர்வது சரி, அதில் குறையில்லை.

தரவைத் தரப்படுத்தினேன் (எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தேன்), வார்ட் என்ற இன்னொரு குழுப்பிரிப்பு முறையும் பார்த்தாயிற்று. குழுக்களைக் கூட்டினால் உலர்வலயம்தான் துண்டாகிறது. எல்லா மாத வெப்பநிலையும் ஒரே கதை சொல்லி மழையை அமுக்குகிறதோ என்று சந்தேகம்.

முதலில் மழையை மட்டும் வைத்துப் பிரித்து, அப்புறம் 300, 900 மீட்டர் உயரக் கோடுகளால் வெட்டலாமா?