“நோ ஸ்கூல் டுடே?” என்று கேட்டால் என்ன சொல்வது? (இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறோம், வெளியே போனால் கண்டவர்களும் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நாங்கள் ரெடிங்குக்கு வந்து 5 வருடம் ஆகிறது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. இரண்டு பேரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். வாங்கிய கேள்விகளுக்குக் கணக்கில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதன்முதலில் கேட்டது ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. செவ்வாய்க்கிழமை காலை 11 மணி, சூப்பர் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மகளைப் பார்த்து “நோ ஸ்கூல் டுடே?” என்றார். எனக்குப் படபடவென்று வந்துவிட்டது. 1996ஆம் வருடத்துக் கல்விச் சட்டம், 7ஆவது பிரிவு, பள்ளிக்கு அனுப்பியோ வேறு வழியிலோ படிக்க வைக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது என மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பாட்டி, “ஓ, லவ்லி!” என்று சொல்லிவிட்டு பால் பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது மழை வருமா என்று கேட்பது மாதிரி ஒரு பேச்சு. நம் ஊரில் “சாப்டாச்சா?” என்று கேட்பவரிடம் ராத்திரி வைத்த குழம்பு வரைக்குமா விவரம் சொல்கிறோம்? அதற்குப் பிறகு என் பதில் ஒரே வரிதான்: “வீட்லதான் படிக்கிறாங்க, இப்ப கணக்குப் பாடம், வெங்காயம் எடை போடணும்.” சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மேலே கேட்பவர் பத்தில் ஒருவர். அவரும் பெரும்பாலும் தன் பேரனுக்கு யோசித்துக்கொண்டிருப்பவராக இருப்பார். அவரிடம் நின்று பேசலாம்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அக்டோபரில் வந்து இறங்கி, பள்ளியில் இடம் கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஹோம்ஸ்கூலிங் செய்பவர்கள் இல்லை. வருடத்தின் நடுவில் விண்ணப்பித்தால் 15 பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது விதி. பதில் வந்துவிட்டால் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, பக்கத்துப் பள்ளி நிரம்பியிருந்தால் இழுக்கும். அந்த நாட்களில் யார் கேட்டாலும் “இடத்துக்குக் காத்திருக்கோம்” என்றே சொல்லுங்கள். குறிப்பாக கவுன்சில் (உள்ளாட்சி அலுவலகம்) ஆட்களிடம் வாய் தவறி “ஹோம் எஜுகேஷன்” என்று சொல்லிவைக்காதீர்கள். பள்ளியே வேண்டாம் என்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

உண்மையில் கஷ்டமான கேள்விகள் நம் ஆட்களிடமிருந்துதான் வரும். கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கிறோம், ஒரு மாமா மகளின் கன்னத்தைத் தட்டி, “ஸ்கூலுக்கே போறதில்லையாமே? எங்க, பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்” என்றார். அவளுக்குத் தெரியும். ஆனால் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது யாருக்கு வாய் வரும்? பதிமூணு நாலு என்ற இடத்தில் நின்றுவிட்டாள். மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்கு வரமாட்டேன் என்று அழுதாள். பள்ளிக்குப் போகும் பிள்ளையை யாராவது இப்படி வரிசையில் நிறுத்திப் பரீட்சை வைப்பார்களா?

அன்றைக்கு நான் பேசாமல் நின்றது தப்பு. இப்போது யாராவது ஆரம்பித்தாலே, “அண்ணே, இன்னிக்கு அவளுக்கு லீவு, விட்ருங்க” என்று சிரித்துக்கொண்டே நடுவில் போய் நின்றுவிடுவேன். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டிலும் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: பெரியவங்க கேட்டா மரியாதையா வணக்கம் சொல்லு, பரீட்சை எழுத வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

திருச்சியில் இருக்கும் என் அம்மா கதை வேறு. முதலில், “ஃபீஸ் கட்டக் காசில்லையா, நான் அனுப்பட்டுமா?” என்றார். இங்கே அரசுப் பள்ளிக்குக் கட்டணமே கிடையாது என்று சொன்னதும் இன்னும் பயந்துவிட்டார். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்கிறார்கள் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று. ஆறு மாதம் வரை பக்கத்து வீட்டில் பேத்தி கான்வென்ட்டுக்குப் போகிறாள் என்றே சொல்லியிருக்கிறார். சண்டை போட்டுப் பயனில்லை என்று, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகளை ஒரு தமிழ்க் கதை படித்துக் காட்டச் சொன்னேன். இப்போது அம்மா தெருவுக்கே அதைச் சொல்கிறார்.

“நாலு பேரோட பழக வேணாமா?” என்பது எல்லோரும் கேட்பது. நான் வாதாடுவதில்லை, வாரத்தைச் சொல்லிவிடுவேன்: திங்கள் நீச்சல், புதன் நூலகம், வியாழன் மகளுக்கு கப்ஸ், மகனுக்கு பீவர்ஸ் (இரண்டும் சாரணர் இயக்கத்தின் சிறுவர் குழுக்கள்), சனி தமிழ்ப் பள்ளி. இதில் ஒன்றும் இல்லாமல் பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்றால் அந்தக் கேள்வி நியாயமானதுதான், கோபப்படாதீர்கள்.

இனி, பதில் சொல்லியே ஆக வேண்டியவர்கள். பள்ளியில் ஏற்கெனவே சேர்த்திருந்தால் ஹெட் டீச்சருக்கு எழுத்தில் கொடுத்துப் பெயரை எடுக்க வேண்டும், பள்ளி கவுன்சிலுக்குத் தெரிவிக்கும். சும்மா அனுப்பாமல் நிறுத்தினால் அபராதம் வரும். சிறப்புப் பள்ளி என்றால் கவுன்சில் ஒப்புதல் வேண்டும். ஸ்காட்லாந்தில் அரசுப் பள்ளியிலிருந்து எடுக்கவே ஒப்புதல் தேவை. தேசியப் பாடத்திட்டம் கட்டாயமில்லை, மணிக்கணக்கும் கிடையாது. ஆனால் கவுன்சிலிலிருந்து என்ன படிக்கிறார்கள் என்று கடிதம் வந்தால் அலமாரியில் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், பதிலே சொல்லாமல் இருந்தால் விஷயம் பள்ளியில் சேர்க்கச் சொல்லும் உத்தரவு வரை போகும். நான் இரண்டு பக்கத்தில் படிக்கும் புத்தகங்கள், போன இடங்கள், செய்த கணக்குகள் எழுதி அனுப்பினேன், அதோடு விட்டார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்குக் கவுன்சில்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்ற மசோதா 2024 டிசம்பரில் பார்லிமென்டுக்கு வந்தது, அதனால் தொடங்கும் முன் உங்கள் கவுன்சில் பக்கத்தை ஒரு தரம் பாருங்கள்.

ஜிபி (குடும்ப மருத்துவர்) ரிசப்ஷனில் “எந்த ஸ்கூல்?” என்று கேட்டால் முறைக்காதீர்கள். எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பது) மாதிரி சில தடுப்பூசிகள் இங்கே பள்ளி வழியாகத்தான் போடுவார்கள். நம் பிள்ளைகளுக்கும் உண்டு, எங்கே போடுவார்கள் என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பத்தாம் வகுப்புக்குச் சமமான ஜிசிஎஸ்இ பற்றியும் கேட்பார்கள். தனித்தேர்வராக எழுதலாம், செலவு நம்முடையது. தேர்வு மையம் பிடிப்பதுதான் அலைச்சல், ஒரு வருடம் முன்பே தேட ஆரம்பியுங்கள்.

ஜெர்மனியில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். அங்கே பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம். 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஒரு குடும்பத்தின் வழக்கில் ஜெர்மனி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

போன வாரம் மகன், “அம்மா, செப்டம்பர்லேர்ந்து நான் ஸ்கூல் போய்ப் பாக்கட்டுமா?” என்றான். விண்ணப்பம் போட்டுவிட்டோம். மகளோ, வீட்டிலேயே படிக்கிறேன் என்கிறாள். கோயில் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.