பளபள அலுமினியத்தில் கன் பிடித்தால் இன்ஜின் சூடு தெரியாது

இன்ஃப்ராரெட் டெம்பரேச்சர் கன் இப்போது பல பட்டறைகளில் இருக்கிறது, ரிச்சி தெருவிலும் கிடைக்கிறது. அருமையான கருவிதான். ஆனால் அதை எங்கே பிடிக்கிறோம் என்று பார்க்காமல் வரும் எண்ணை நம்பினால் வேலை கெட்டுவிடும். பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய காரில் நடந்ததைச் சொல்கிறேன்.

கத்திரி வெயில் நேரம். ஜிஎஸ்டி ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்தாலே டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போகும். ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறது, ஒழுகலும் இல்லை. பட்டறையில் பானெட்டைத் திறந்து, தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியிருக்கும் அலுமினிய ஹவுசிங்கில் கன்னைப் பிடித்தார்கள். 54 டிகிரி. "இன்ஜின்ல சூடே இல்ல சார், மீட்டர்தான் தப்பா காட்டுது, சென்சர் மாத்திடலாம்" என்றார்கள்.

அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் கன்னை எடுத்துக்கொண்டு போனேன். அதே ஹவுசிங்கில் ஐம்பது சொச்சம்தான் காட்டியது. இரண்டு விரல்கடை தள்ளி, அதிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸில் பிடித்தால் 97! உள்ளே ஓடுவது ஒரே தண்ணீர்தான்.

காரணம் இதுதான். கன் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை, ஒரு பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைத்தான் அளக்கிறது. கறுப்பு ரப்பர், பெயின்ட் அடித்த இடம், துருவேறிய வார்ப்பிரும்பு எல்லாம் தங்கள் சூட்டுக்கேற்ற கதிரை நன்றாக வெளிவிடும். பளபளக்கும் அலுமினியம் கொஞ்சம்தான் விடும், மீதிக்குச் சுற்றுப்புறத்தின் கதிரைப் பிரதிபலிக்கும். விலை குறைந்த கன்களில் எமிசிவிட்டி, அதாவது ஒரு பரப்பு எவ்வளவு நன்றாகக் கதிரை விடும் என்பதற்கான எண், 0.95 என்று நிலையாக வைத்திருப்பார்கள். அது ரப்பருக்குச் சரி, அலுமினியத்துக்குச் சரிப்படாது.

அப்புறம் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்து, இன்ஜினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரை இன்ஜின் பக்கமிருந்து பார்த்தோம். முன்பக்கம் ஏசி கண்டென்சர் மறைக்கும், அங்கிருந்து பார்த்துப் பயனில்லை. மேல் வரிசையில் 88, 90 என்று வந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் 55. அங்கே டியூபுகளில் தண்ணீர் ஓடவே இல்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்திருந்தது. தண்ணீர் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். நம் ஊரில் பல இடங்களில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரேடியேட்டர் மாற்றி, கூலன்ட் ஊற்றியதும் முள் பாதியிலேயே நிற்கிறது. சென்சரும் மீட்டரும் பழையவைதான்.

கன் வைத்திருப்பவர்கள் தூரத்தையும் கவனியுங்கள். கன்னில் 12:1 (தூரத்துக்கும் அளக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம்) என்று போட்டிருந்தால், ஓரடி தள்ளிப் பிடிக்கும்போது ஓரங்குல வட்டத்தின் சராசரியைத்தான் காட்டும். சிவப்புப் புள்ளி வெறும் குறி பார்க்க. ஹோஸ் மாதிரி ஒல்லியானதற்குக் கிட்டே போக வேண்டும், ஆனால் சுற்றும் ஃபேனிடமும் பெல்ட்டிடமும் கையைக் கொண்டுபோகாதீர்கள். அலுமினியத்திலேயே பார்த்தாக வேண்டுமென்றால் சைலன்சருக்கு அடிக்கும் கறுப்பு மேட் பெயின்ட்டை ரூபாய் நாணய அளவுக்கு ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டை அளக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கொரோனா காலத்து நெற்றி கன் இதற்கு ஆகாது, அது உடம்புச் சூட்டை அளக்கச் செய்தது. கன்னில் எவ்வளவு குறைவாக வந்தாலும் சரி, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

சிலிண்டர்களிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு குழாயாகப் பிடித்து, சூடு குறைந்த குழாயை வைத்து, சரியாக எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டரைக் கண்டுபிடிக்கலாம். யாராவது அப்படிப் பார்த்திருந்தால் என்ன வண்டி, எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று எழுதுங்கள்.