கோவா (முட்டைக்கோஸ்) வேரெல்லாம் இஞ்சி மாதிரி வீங்குது, ஆராச்சும் வழி சொல்லுங்க

இலங்கை மலைநாட்டுல லிந்துலைப் பக்கம், லயத்துக்கு (தேயிலைத் தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு) பின்னால பத்து பேர்ச் (ஏக்கர்ல பதினாறுல ஒரு பங்கு) அளவுல காய்கறித் தோட்டம். 2022ல சாமான் விலை ஏறினப்போ ஆரம்பிச்சது.

மூணு போகமா நல்லாத்தான் வந்துச்சு. போன வருசத்துல இருந்து கோவா நட்டு அஞ்சாறு கிழமையில (வாரத்துல), நல்ல வெயில் நேரத்துல இலை தொங்கிப் போகுது. அந்தியில திரும்ப நிமிருது. தண்ணிக் குறைன்னு நினைச்சு ஊத்தி ஊத்தி ஏமாந்தேன். ஒண்ணப் பிடுங்கிப் பார்த்தா, சல்லி வேரே இல்ல, விரல் மொத்தத்துல கட்டி கட்டியா வெள்ளையா இருக்கு. பழசான கட்டி அழுகி நாறுது. பக்கத்துப் பாத்தி நோக்கோலுக்கும் (நூக்கல்) அதே கதி. லீக்ஸுக்கும் கரட்டுக்கும் ஒண்ணுமில்ல.

செஞ்சு பார்த்தது: நாத்து நட ரெண்டு கிழமைக்கு முன்னால டொலமைட் (மண்ணுப் புளிப்பக் குறைக்கிற சுண்ணாம்புத் தூள்) போட்டேன், பிறகு அடுப்புச் சாம்பல். கடையில குடுத்த பூஞ்சண மருந்த ரெண்டு தரம் இலைக்கு அடிச்சேன், காசுதான் போச்சு. வடிகான் ஆழமா வெட்டினேன். நாத்தையும் வேற இடத்துல வாங்கினேன். மண்ணு புளிப்பு, பரிசோதனையில பீஎச் 5.1. பிடுங்கின செடியை முன்னெல்லாம் எருக்குழியில போட்டேன், அதுதான் பெரிய பிழைன்னு இப்ப தோணுது.

இது வேர்முடிச்சு நோய்தான்னா (இங்கிலீசுல கிளப் ரூட்ங்கிறது, நூற்புழு முடிச்சு இல்ல), இந்த மண்ணுல திரும்ப கோவா நட நீங்க எத்தனை வருசம் விட்டு வச்சீங்க?