மறு: ஃபிலோபேட்ரி: 'பிறப்பிடப் பற்று' சரிதானா?

ஐயா, வணக்கம். விலங்குகள் பழைய இடத்துக்கே மீண்டும் மீண்டும் திரும்பிப் போவதை ஆங்கிலத்தில் 'ஃபிலோபேட்ரி' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன தமிழ் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது இது:

> 'பிறப்பிடப் பற்று' என்றே போட்டுவிடலாம். ஆமைக்கும் சால்மன் மீனுக்கும் பொருந்துகிற சொல் பெலுகாவுக்கு (வடதுருவக் கடலின் வெள்ளைத் திமிங்கிலம்) மட்டும் ஏன் பொருந்தாது?

எனக்கு இடிப்பதே அங்கேதான். பங்குனி ஆமை தான் பொரிந்து வெளிவந்த கரைப் பகுதிக்கே பின்னாளில் முட்டையிட வருகிறது. தாயை அது பார்த்ததே இல்லை. அதற்குப் 'பிறப்பிடம்' சரி. பெலுகா கதை வேறு. தாய் 14, 15 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடுகிறது. குட்டி ஏறக்குறைய 2 ஆண்டு பால் குடிக்கிறது. கோடையில் தாய் எந்த ஆற்று முகத்துவாரத்துக்குப் போனாலும் அதன் விலாவை ஒட்டியே நீந்திப் போகிறது. குட்டி பிறந்தது வழியில் திறந்த கடலாகக்கூட இருக்கலாம். வளர்ந்தபின் அது தேடிப் போவது அம்மா கூட்டிப்போன இடத்தை.

வட பசிபிக் பக்கத்துப் பெலுகாக்கள் 1,647-இன் மரபணுத் தரவை வைத்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. தலைப்பிலேயே 'வலசைப் பண்பாடு' என்கிறார்கள். வழி தாயிடம் கற்றது என்பதுதான் அதன் சாரம்.

கனடாவின் ஹட்சன் விரிகுடாவைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கிழக்குக் கரைப் பெலுகாக்களும் மேற்குக் கரைப் பெலுகாக்களும் குளிர்காலத்தில் ஹட்சன் நீரிணைப் பக்கம் ஒன்றாகக் கிடக்கின்றன. இணை சேர்வது குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும். அதனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏ.வில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டி.என்.ஏ. தாய்வழியில் மட்டும் இறங்குவது. அதில் பிரிவு பளிச்சென்று தெரிகிறது. அப்பா எந்தக் கரையாகவும் இருக்கலாம், கோடையில் போகும் துறை அம்மாவுடையது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், சொல் தவறினால் பாடமே தவறிவிடும். கிழக்குக் கரையில் கிரேட் வேல், லிட்டில் வேல் ஆற்று முகங்களில் 19-ஆம் நூற்றாண்டில் வணிக வேட்டை நடந்து கூட்டம் பெருமளவு அழிந்தது. மேற்கே பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. கிழக்கே இன்றைக்கும் சில ஆயிரம்தான். பக்கத்துக் கூட்டம் வந்து காலி இடத்தை நிரப்பவில்லை. வழி தெரிந்த தாய்கள் போனதும் வழியும் போய்விட்டது. 'பற்று' என்று எழுதினால் இது எப்படிப் புரியும்? நாட்டுப்பற்று மாதிரி ஏதோ உணர்ச்சி என்று படிப்பார்கள். கணக்குப் பிள்ளைகளுக்குப் பற்று-வரவு நினைவு வரும். மூலச் சொல்லும் ஒழுங்கில்லை, கிரேக்கத்தில் அது தந்தையர் நாட்டைக் குறிப்பது! தாயைப் பின்பற்றும் விலங்குக்கு அப்பா வீட்டுப் பெயர்.

என் முன்மொழிவு: தாய்த்துறை மீள்வு. ஆற்றில் இறங்கும் இடம் துறை. கனடாவின் வடக்கே சாமர்செட் தீவின் கன்னிங்ஹாம் இன்லெட்டில் பெலுகாக்கள் ஆழமில்லாத நீரில் புரண்டு, கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துப் பழைய தோலை உதிர்க்கின்றன. படித்துறையில் குதிகால் தேய்க்கிற மாதிரியேதான்.

---

தம்பி,

பற்று போகட்டும், விட்டுவிட்டேன். ஆனால் 'துறை' என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொதுப்பணித்துறையைத்தான் நினைப்பார்கள். வீட்டில் மனைவியிடம் படித்துக் காட்டினேன். 'தாய்வீடு திரும்பல் என்று வையுங்களேன்' என்றாள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் தாய்வீடு போவது பெண் மட்டும். இங்கே ஆண் குட்டியும் அம்மா வழியைத்தான் கற்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 'தாய்த்துறைக் கூட்டம்' என்று நீட்டிவிடாதீர்கள். பெலுகாக் கூட்டத்தில் தாய்வழி உறவு மட்டும் இல்லை, தந்தைவழி உறவும் உறவே இல்லாதவையும் சேர்ந்தே திரிகின்றன என்று 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. திரும்பும் இடம் தாய்வழி, கூட்டாளிகள் அப்படியல்ல.

---

சரி ஐயா, அதைக் குறிப்பிலேயே சேர்த்துவிடுகிறேன். பட்டியலில் இப்படி இருக்கும்: பொதுச்சொல் 'இட மீள்வு', ஆமை, சால்மனுக்குப் 'பிறப்பிட மீள்வு', தாய் காட்டிய இடத்துக்குப் போகும் பெலுகா போன்றவற்றுக்குத் 'தாய்த்துறை மீள்வு'. 'துறை' குழப்பத்துக்கு முதல் முறை வரும் இடத்தில் ஆற்றுமுகம் என்று ஒரு வரி விளக்கம் போதும் என்று நினைக்கிறேன். படத்தையும் போட்டால் யாரும் பொதுப்பணித்துறைக்குப் போகமாட்டார்கள்.

அப்புறம், நார்வால் (நீண்ட தந்தமுள்ள வடதுருவத் திமிங்கிலம்) பகுதியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். உலகில் 1 லட்சத்துக்கு மேல் இருந்தும் அவற்றின் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. அங்கே 'எஃபெக்டிவ் பாபுலேஷன் சைஸ்' வருகிறது, அதாவது மொத்தத் தலைக்கணக்கு அல்ல, அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கடத்துவதில் கணக்கில் வரும் எண்ணிக்கை. 'பயனுறு தொகை' என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை. நாளைக்குத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.