மறு: கிளைடர்கள் தரையில் மோதிக்கொள்வதற்கு ஒரு கலைச்சொல்

> 'தரைமோதல்' என்றே வைத்துவிடலாமே? சின்னச் சொல், எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. சின்னச் சொல்தான். ஆனால் 'தரைமோதலில் விமானி பலி' என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்? மேலிருந்து விழுந்து நொறுங்கியது என்றுதானே? நம் கலைச்சொல் அகராதிக்கு வேண்டியது 'தரையில் மோதல்', அதாவது எஞ்சின் இல்லாத விமானங்களான கிளைடர்கள் தரையில் இருக்கும்போது ஒன்றோடொன்று மோதுவது. கேட்பவர் காதில் விழுவது 'தரையை மோதல்'. விமானம் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே மலையிலோ நிலத்திலோ போய் மோதுவது தனி விபத்துவகை. இந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்போம்.

> அப்படியானால் 'ஓடுபாதை மோதல்'?

ஓடுபாதை இருந்தால்தானே! இங்கிலாந்தில் டன்ஸ்டபிள் குன்றடியில், 1930-இல் தொடங்கிய லண்டன் கிளைடிங் கிளப்பின் திடலைப் பாருங்கள். முழுக்கப் புல்வெளி. கிளம்பக் காத்திருக்கும் கிளைடர்களும் ஆட்களும் ஒரே புல்லில் நிற்க, பக்கத்திலேயே மற்றவை இறங்கும்.

இந்த விபத்து எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். ஏஎஸ்கே 21 என்ற பயிற்சிக் கிளைடரின் இறக்கை நுனிக்கு நுனி 17 மீட்டர். எஞ்சின் இல்லை, இறங்கத் தொடங்கிவிட்டால் மறுபடி மேலேறிச் சுற்றிவர வழியில்லை. தரை தொட்டபின் வேகம் குறையக் குறைய வால் சுக்கானுக்கும் இறக்கை மடிப்புகளுக்கும் பிடிப்பு போய்விடும். பக்கக் காற்றில் ஓர் இறக்கை சாய்ந்து நுனி புல்லில் சிக்கினால், கிளைடர் அந்தப் பக்கமே திரும்பிவிடும். அங்கே வரிசை நின்றால் அவ்வளவுதான்.

இதோடு மனித சோம்பலும் சேர்கிறது. தொலைவில் இறங்கினால் திரும்பத் தள்ளிக்கொண்டு வர வேண்டுமே என்று, கிளம்புமிடம் வரை உருட்டிக்கொண்டே வந்துவிடப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், காற்றைவிட இதுதான் பெரிய குற்றவாளி.

ஆக, ஒன்று நின்றிருந்தாலும் இன்னொன்று தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே என் முன்மொழிவு: தரையோட்ட மோதல்.

> பயணிகள் விமானங்களுக்கும் இது பொருந்துமா? ஐகாவோ (பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விபத்து வகைப்பாடு வேறு மாதிரி இருக்கிறதே.

நல்ல கேள்வி. அந்த வகைப்பாட்டில் இது ஓடுபாதைக்குப் போகும்போதோ அங்கிருந்து வரும்போதோ நடக்கும் மோதல். ஓடுபாதைக்குள் நடப்பது சேராது. எஞ்சினுள்ள விமானம் அப்படி ஊர்ந்து போவதும் தரையோட்டம்தான், அதனால் சொல் பொருந்தும். வரையறைதான் கிளைடருக்குப் பொருந்தாது. அது தானாக ஊர்ந்து எங்கும் போவதில்லை. நம் அகராதியில் 'இறங்கியபின் ஓடும்போதும், கிளம்ப ஓடும்போதும்' என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

> 'திடல் மோதல்' இன்னும் அழகாக இல்லையா?

அழகுதான். ஆனால் கால்பந்து ரசிகர்கள் அடித்துக்கொண்டது போல இருக்கிறது!

அப்புறம் ஒன்று. தரையில் இடம் மாற்றக் கிளைடரைக் காரில் கட்டி இழுக்கும்போது இறக்கை நுனி இன்னொன்றில் இடிப்பதும் அடிக்கடி நடப்பதுதான். அதில் விமானி உள்ளே இருந்து ஓட்டுவதில்லை. அதை இதில் சேர்க்காமல் 'இழுவை இடிப்பு' என்று தனிப் பதிவாக வைக்கலாமா? 'இடிப்பு' என்றால் கட்டடத்தை இடிப்பது போல ஒலிக்கிறது என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.