பள்ளி வரி: கேள்வி கேட்கப் போன அனுபவங்கள்

நியூஜெர்சியிலிருந்து:
எங்கள் சொத்து வரியில் பாதிக்கு மேல், ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குத்தான் போகிறது. அதில் எனக்கு மனக்குறை இருந்ததில்லை. இந்த ஆண்டு பட்ஜெட் கூட்டத்துக்குப் போனது பஸ்ஸுக்காக. வீடு இரண்டு மைலுக்குள் இருந்தால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு பஸ் விடவேண்டும் என்று மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. இதுவரை சலுகையாக ஓடிய பஸ்ஸை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். என் மகள் நடைபாதையே இல்லாத சாலையில் நடக்கவேண்டும். ஆனால் திரையில் காட்டிய கணக்கில் போக்குவரத்துச் செலவு கூடியிருந்தது! பஸ்ஸைக் குறைத்த பிறகும் ஏன் கூடுகிறது என்று கேட்டேன். பேச மூன்று நிமிடம் தந்தார்கள். "குறித்துக்கொண்டோம்" என்றார்கள். அவ்வளவுதான்.

எங்களைப் போல் நவம்பரில் பள்ளி வாரியத் தேர்தல் நடக்கும் மாவட்டங்களில், வரி உயர்வு மாநிலத்தின் 2 சதவீத வரம்புக்குள் இருந்தால் பட்ஜெட் மக்கள் வாக்குக்கே வராது. அதனால் அந்த மூன்று நிமிடத்தோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. பொது ஆவணச் சட்டப்படி போக்குவரத்துக் கணக்கைக் கேட்டு விண்ணப்பித்தேன். ஏழு வேலைநாட்களில் தாள்கள் வந்தன. இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன். கூடிய தொகை முழுவதும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை வெளியூர்ப் பள்ளிகளுக்கு அழைத்துச் செல்லும் வண்டிகளுக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். இதை அன்றே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லாததால், கூட்டம் முடிந்து வெளியே நின்றவர்கள் எல்லாரும் யாரோ பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்றே பேசினார்கள். நானும் பேசினேன்; அது இன்னும் உறுத்துகிறது.

டெக்சாஸிலிருந்து:
அக்கா, எங்களுக்கு இது, பள்ளிக்காகக் கடன் வாங்கலாமா என்று மக்களிடம் கேட்கும் கடன் பத்திர வாக்கெடுப்பில் நடந்தது. "வரி விகிதம் உயராது" என்றது மாவட்டத்தின் துண்டறிக்கை. வாக்குச்சீட்டிலோ "இது சொத்து வரி உயர்வு" என்று அச்சடித்திருந்தது. 2019 முதல் மாநிலச் சட்டம் அப்படி. எதை நம்புவது? நிதி அதிகாரியிடம் நேராகக் கேட்டேன்: "இந்தக் கடனை வாங்காவிட்டால் விகிதம் குறையுமா?" சற்று யோசித்து, "குறையும்" என்றார். பள்ளிக் கூரை ஒழுகுவதை நானே பார்த்திருந்ததால் ஆதரித்துத்தான் வாக்களித்தேன். ஆனாலும் அந்த ஒரு சொல்லைத் துண்டறிக்கையில் போட்டிருக்கவேண்டும்.

நியூயார்க், லாங் ஐலண்டிலிருந்து:
நான் கணக்காளன். இங்கே மே மாதம் மூன்றாம் செவ்வாயன்று பட்ஜெட்டுக்கே வாக்களிக்கிறோம். இருந்தும் இங்குள்ள ராஸ்லின் பள்ளி மாவட்டத்தில் 1.1 கோடி டாலருக்கு மேல் களவு போனது 2004இல்தான் வெளியே வந்தது. அதுவரை ஆண்டுதோறும் தணிக்கை நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகே வாரிய உறுப்பினர்களுக்கு 6 மணி நேர நிதிப் பயிற்சியும், மாவட்டங்களில் தணிக்கைக் குழுவும் சட்டமாயின. தங்கையே, பட்ஜெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண்டுத் தணிக்கையோடு தணிக்கையாளர் குறைகளை எழுதித் தரும் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே குறை மறுபடியும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடுத்த கூட்டத்தில் உங்கள் மூன்று நிமிடத்தில் அதைப் பக்க எண்ணோடு படியுங்கள்.