மறு: ‘வாழ்க்கை வரலாற்றுத் திறனாய்வு’க்கு மாற்றாக ‘வாழ்பொருள்’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழை தொடங்கிய நாள் முதல் வந்த எல்லா மடல்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதியவர் வாழ்ந்த வாழ்க்கை அவருடைய எழுத்தின் பொருளை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கும் திறனாய்வுக்கு ஒரு சொல் தேடுகிறோம். ‘வாழ்க்கை வரலாற்றுத் திறனாய்வு’ பாடநூல்களில் ஏறிவிட்டது, அதைத் தொட வேண்டாம் என்கிறார் கோவை ஐயா. ‘ஆசிரியர்வழிப் பொருள்’ என்கிறார் ஈப்போ அண்ணன். ‘வாழ்வுரை’ என்கிறார் யாழ்ப்பாணத்து அக்கா. நான் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: வாழ்பொருள்.

முதலில் ஐயாவுக்கு. நீங்கள் காக்க நினைக்கும் சொல் என் வகுப்பறையில் தோற்றுப்போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். இடைநிலைப்பள்ளியின் படிவம் ஐந்து மாணவி ஒருத்தியிடம் ‘வாழ்க்கை வரலாற்றுத் திறனாய்வு எழுதி வா’ என்று சொன்னேன். கெட்டிக்காரப் பெண். மறுநாள் காந்தியடிகளின் சத்திய சோதனையைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அவள்மீது பிழையில்லை. நாவல் திறனாய்வு என்றால் நாவலைத் திறனாய்வது. வாழ்க்கை வரலாற்றுத் திறனாய்வு என்றால் வாழ்க்கை வரலாற்றைத் திறனாய்வது. சொல் அவளை நேராக அங்கேதான் கொண்டுபோய் விட்டது. மேலும் ‘வரலாறு’ என்றதும் மாணவர்கள் பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, பெற்றோர் பெயர், வாங்கிய விருது என்று மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். விடைத்தாளின் முதல் பத்தியில் அது வரும். இரண்டாம் பத்தியில் கதை தொடங்கும். இரண்டுக்கும் இடையே ஓர் இணைப்பும் இருக்காது.

ஈப்போ அண்ணனின் சொல்லில் ‘ஆசிரியர்’ இடிக்கிறது. இங்கே மலேசியாவில் ஆசிரியர் என்றால் பள்ளிக்கூடத்து ஆசிரியர்தான். ‘ஆசிரியர்வழிப் பொருள்’ என்று கரும்பலகையில் எழுதினால், நான் சொல்லிக்கொடுத்த பொருள் என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். நன்னூல் பாயிரத்துக்குரிய எட்டுச் செய்திகளைச் சொல்லும்போது ‘ஆக்கியோன் பெயரே’ என்றுதான் தொடங்குகிறது. அதை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். ஆணுக்கு மட்டும் பொருந்தும் சொல் இன்று எழுத வரும் பெண்களை வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

அக்காவின் ‘வாழ்வுரை’யை விட எனக்கு மனமே வரவில்லை. வாழ்வையே நூலுக்கு உரையாக வைத்துப் படிப்பது என்ற எண்ணம் நம் உரை மரபிலிருந்து தானாக முளைத்தது. ஆனால் இங்கே கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, கூட்டுறவுச் சங்க ஆண்டுக்கூட்டம் எதுவானாலும் அழைப்பிதழில் ‘வாழ்த்துரை’ இருக்கும். அச்சில் சற்றுப் பிசகினால் போதும், ஒன்று மற்றொன்றாகிவிடும்.

இனி என் சொல் எங்கே பிறந்தது என்று சொல்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, கோயில் மண்டபத்தின் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படிக்கிறோம். பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிக்கப்பட்ட பிறகு பட்டணத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்து சேர்ந்தவர்கள். சில மாதங்களுக்கு முன்பு ஒரு சிறுகதையை எழுதியவர் பெயரை மறைத்து நகலெடுத்துக் கொடுத்தேன்.

கதை சிறியது. பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் ஒரு பெண், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை ஆயக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு விடியும் முன்னே தன் மர வரிசையான நிரைக்குப் போகிறாள். பிள்ளை நினைவில் உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழுகிறது. லேசாகத் தூறலும் போடுகிறது. பிறகு காண்டா (தோள்கம்பு) வாளிகளைச் சுமந்துகொண்டு பால் நிறுக்கும் இடத்துக்கு வருகிறாள். தோட்டத்துக் கணக்கரான கிராணி, பாலின் அடர்த்தி காட்டும் மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்க்கிறார். தண்ணீர் கலந்த பால் என்று கணக்கைக் குறைத்து எழுதுகிறார். அவள் கலக்கவில்லை, மழை கலந்தது. அவள் எதுவும் பேசாமல் போய்விடுகிறாள். கிராணியிடம் இருப்பது ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும் பென்சில். எழுதும் முன் அதன் முனையை நாக்கில் தொட்டுக்கொள்கிறார். எழுதி முடித்த பிறகும் ஒருமுறை தொடுகிறார். இரவு வாய் கொப்பளிக்கிறார். ஊதா போகவில்லை. கதை அங்கே முடிகிறது.

முதல் வாசிப்பில் எல்லாரும் கிராணியைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த ஊதா நாக்கு ஒரு கெட்டவனுக்கு எழுதியவர் போட்ட அடையாளம் என்றார் ஒருவர். உழைப்புச் சுரண்டலைக் காட்டும் நல்ல கதை என்று பேச்சு முடியப் போனது. அப்போதுதான் பெயரைச் சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது. எழுதியவர் எங்கள் ஊர்க்காரர், மறைந்துவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் கிராணியாகப் பால் கணக்கு எழுதியவர் அவர்தான்.

நகல்களை மறுபடியும் புரட்டும் சத்தம் கேட்டது. மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி கடைசிப் பக்கத்தை விரலால் தொட்டுக்கொண்டு, “எழுதி முடித்த பிறகு பென்சிலை எதற்கு நாக்கில் வைக்கிறார்? அதை அழித்து எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறார், ஐயா. எழுதவில்லை,” என்றார். வரிகள் அதே வரிகள்தான். முதல் வாசிப்பில் குற்றச்சாட்டாக இருந்த கதை இரண்டாம் வாசிப்பில் குற்ற ஒப்புதலாக மாறியிருந்தது. இந்த மாற்றத்துக்குத்தான் எனக்கு ஒரு சொல் வேண்டும். எழுதியவரின் பிறந்த தேதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? கடைசிப் பக்கத்தில் அந்தப் பென்சிலுக்குப் புதிதாகக் கிடைத்த பொருளுக்குப் பெயர் வேண்டும்.

அதே கதையில் இன்னொன்றும் உண்டு. யாருக்கும் பெயர் கிடையாது. இதை நவீன உத்தி என்று இந்தக் குழுமத்திலேயே ஒருவர் முன்பு எழுதியிருந்தார். இருக்கலாம். ஆனால் 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வளர்ந்த எங்கள் பெரியவர்கள் பலரும் யாருடைய பெயரையும் சொல்லாமலே ஒரு முழுக் கதையைச் சொல்லி முடிப்பார்கள். ‘அந்த வீட்டுக்காரர்’, ‘மேட்டு லயத்து அம்மா’ என்றே பேச்சு போகும். என் தந்தையும் அப்படித்தான் பேசுவார். கதையை எழுதிய கிராணியும் அந்தக் காலத்துப் பிள்ளை. அவருடைய பெயரின்மையில் எனக்கு உத்தியைவிட எச்சரிக்கைதான் அதிகமாகக் கேட்கிறது.

இப்போது இலக்கணத்துக்கு வருகிறேன். ‘வாழ்பொருள்’ வினைத்தொகை. பொருளா வாழ்கிறது என்று கேட்பவர்களுக்கு ‘வாழ்நாள்’ விடை சொல்லும். வாழ்நாள் என்பது வாழ்கின்ற நாள் அன்று, நாம் வாழும் நாள். ‘உண்கலம்’ உண்ணுகின்ற கலம் அன்று. அதுபோல, ஒருவர் வாழ்ந்ததனால் அவர் எழுத்தில் சேரும் பொருள் வாழ்பொருள். சொற்பொருள், உட்பொருள், மறைபொருள், குறிப்புப்பொருள் என்ற வரிசையில் இது முட்டாமல் போய் உட்காருகிறது.

வினைத்தொகை மூன்று காலத்தையும் அடக்கி நிற்பதுதான் எனக்குப் பெரிய காரணம். வரலாறு என்பது முடிந்துபோன ஒன்றைக் குறிக்கிறது. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஜவுளிக்கடை வேலையில் காலம் தள்ளும் ஒருவர், நோயில் கிடக்கும் மனைவிக்கு எல்லாம் செய்கிறார், அவள் இறந்துபோகிறாள். 1948-இல் காசநோயால் புதுமைப்பித்தன் மறைந்தார். அதை அறிந்தவர்களுக்கு அந்த வீட்டின் மருந்து வாடை வேறாக வீசுகிறது. எழுதும்போது அவருக்கே தெரியாத தம் முடிவு, பின்னால் வந்து கதைக்குள் புகுந்துகொண்டது. ‘வாழ்ந்த’ என்ற இறந்தகாலம் இதற்குப் போதாது.

இது மேல்நாட்டுச் சரக்கு, இதற்கு ஏன் தமிழில் இவ்வளவு பாடு என்று கேட்ட தம்பிக்கு இரண்டு சொல்வேன். புறநானூற்றின் 112-ஆம் பாட்டு ஐந்தே அடி. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்’ தந்தையும் இருந்தார், குன்றும் பிறர் கொள்ளவில்லை. ‘இற்றைத் திங்கள்’ குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. பாட்டுக்குள் பாரியின் பெயர் இல்லை, பறம்பின் பெயரும் இல்லை. கீழே ‘பாரி மகளிர்’ என்ற குறிப்பு இருப்பதால்தான் மூவேந்தர் முற்றுகையும் இரண்டு அநாதைப் பெண்களும் நம் கண்முன் வருகிறார்கள். அந்தக் குறிப்பை மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள். நிலா அதே நிலாதான், ஆனால் துயரம் யாருடையது என்று தெரியாது.

மறுபக்கம், அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ‘கன்றும் உண்ணாது கலத்தினும் படாது’ நிலத்தில் சிந்திய பாலைப் போலத் தன் அழகு வீணாகிறது என்று குறுந்தொகை 27-இல் ஒரு தலைவி பேசுகிறாள். பாடியவர் வெள்ளிவீதியார். விதிப்படி அவள் வெறும் தலைவிதான். ஆனால் அகநானூறு 147-இல் ஔவையார், ‘வெள்ளி வீதியைப் போல’ பிரிந்த தலைவனைத் தேடி நானும் புறப்பட நினைக்கிறேன் என்று பாடுகிறார். விதி இருக்கும்போதே, ஒரு புலவர் இன்னொரு புலவரின் வாழ்வைத் தம் பாட்டின் பொருளுக்குள் கொண்டுவந்துவிட்டார். செம்புலப்பெயனீராருக்கோ நிலைமை நேர்மாறு. வாழ்வும் பெயரும் எதுவும் கிடைக்கவில்லை, ‘செம்புலப் பெயனீர் போல’ என்ற அவருடைய உவமையிலிருந்து பெயர் வைத்தோம். வாழ்பொருள் அறவே இல்லாமலும் பாட்டு நிற்கும் என்பதற்கு அவரே சான்று. ஆக இந்தச் சண்டை நம் வீட்டில் பழைய சண்டை. அமெரிக்கத் திறனாய்வாளர்கள் விம்சட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-இல் எழுதியவரின் நோக்கத்தைத் தேடுவது பிழை என்றதையும், பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1967-இல் ‘ஆசிரியரின் மரணம்’ என்று, பொருளை எழுதியவரிடம் தேட வேண்டாம் என அறிவித்ததையும் நான் மதிக்கிறேன். ஆனால் சொல்லை அங்கிருந்து மொழிபெயர்த்துத்தான் பெற வேண்டும் என்பதில்லை.

அவர்கள் அஞ்சியதிலும் நியாயம் உண்டு. அன்று மாலை எங்கள் அறையில் பாட்டி பேசி முடித்ததும், மூலையிலிருந்து ஒருவர், “அப்படியானால் அந்தப் பெண் யார்? எந்த லயம்? பிள்ளை பிழைத்ததா?” என்று தொடங்கினார். இன்னொருவர் ஒரு குடும்பத்தின் பெயரையே சொல்ல வாயெடுத்தார். எழுதியவரின் மருமகள் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருந்த நகல் மெல்ல மடிந்து, மேலும் மடிந்து, உள்ளங்கைக்குள் போய்விட்டது. நான் பேச்சை நிறுத்தினேன். நிறுத்தியது சரி, ஆனால் எதை நிறுத்தினேன் என்று சொல்ல அப்போது என்னிடம் சொல் இல்லை. இப்போது இருக்கிறது: வாழ்பொருட்போலி. தருக்கப் பிழைக்குப் ‘போலி’ என்ற பெயர் மணிமேகலையிலேயே உண்டு. பக்கப் போலி, ஏதுப் போலி என்று 29-ஆம் காதை அடுக்குகிறது. கதையில் உள்ள ஒரு வரியை வேறாகப் படிக்கவைத்தால் அது வாழ்பொருள். கதையை விட்டு வெளியேறி ஒரு வீட்டின் கதவைத் தட்டினால் அது போலி. கிராணி வேலை முதல் வகை. பிள்ளை யாருடையது என்பது இரண்டாம் வகை.

வாசகரின் வாழ்வையும் இதில் சேர்க்கலாமே என்று நேற்று ஒரு மடல் வந்தது. வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாரதி பிஜித் தீவுக்குப் போனவர் அல்லர். ஆனால் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி அவர் ‘விம்மி விம்மி’ என்று எழுதிய அடிகளை என் பாட்டிக்குப் படித்துக்காட்டியபோது, அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாள் அவருக்கு நினைவு வந்தது. அந்தக் கண்ணீர் பாரதியின் வாழ்வில் இருந்து வந்ததன்று, பாட்டியின் வாழ்வில் இருந்து வந்தது. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் திணித்தால் இரண்டுமே மங்கிவிடும். அதற்கு வேறு சொல் தேடுவோம், தனி இழையில்.

கலைச்சொல் பட்டியலுக்கு என் முன்மொழிவு இதுதான். எழுதியவர் வாழ்வினால் எழுத்தில் விளையும் பொருள், வாழ்பொருள். அதைத் தேடிப் படிக்கும் முறை, வாழ்பொருள் திறனாய்வு. அதற்குத் துணையாகும் கடிதம், நாட்குறிப்பு, ஊரார் நினைவு முதலியவை, வாழ்பொருட்சான்று. எல்லை மீறிய ஊகம், வாழ்பொருட்போலி. புணர்ச்சியில் ‘ட்’ வருவது பேச்சில் கடினமாக இருக்கும் என்று ஈப்போ அண்ணன் சொல்லக்கூடும். ‘பொருட்காட்சி’, ‘பொருட்செலவு’ என்று நாம் தடையின்றிச் சொல்கிறோம், அண்ணே. யாழ்ப்பாணத்து வழக்கில் ‘வாழ்பொருள்’ சொத்து என்று கேட்குமோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அக்காதான் சொல்ல வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை குறுந்தொகை 27-ஐப் பெயரில்லாமல் நகலெடுத்து வைத்திருக்கிறேன். முதல் சுற்று முடிந்த பிறகு வெள்ளிவீதியார் பெயரையும் அகம் 147-ஐயும் கொடுத்து, இந்தச் சொல்லையும் கூடவே சொல்லிப் பார்க்கப்போகிறேன். நிலத்தில் கொட்டிப்போன பாலைப் பற்றி எங்கள் பாட்டிகளுக்குச் சொல்ல நிறைய இருக்கும். என்ன சொன்னார்கள் என்று ஞாயிறு இரவு எழுதுகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்